வடமும் முட்டுக்கட்டையும்

(வகுப்பறைப் பணிகளுக்கு நிதி தேடுவது குறித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு குடும்பம் ஒரு தொகையை வங்கியில் வைத்து, முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும் என்று எழுதி வைக்கிறது. அதைத்தான் அறக்கட்டளை என்கிறோம். கோயிலில் உச்சிக்காலக் கட்டளை, விளக்குக் கட்டளை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கொடுப்பவர் இன்ன காரியத்துக்கு, இன்ன அளவில், இன்னார் பொறுப்பில் என்று சொல்லிக் கொடுப்பதால்தான் அதற்குக் கட்டளை என்று பெயர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் வெட்டப்பட்ட கல்வெட்டு 340 மாணவர்கள் படித்த ஒரு கல்லூரிக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மாணவர், ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பது வரை அதில் கணக்கு உண்டு. அந்தக் கல்வி எல்லாருக்கும் கிடைத்த கல்வி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் கல்விக்குக் கொடுக்கும் பொருளை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளும் அதுதான். வகுப்பறையில் ஓர் ஆசிரியர் நல்லதொன்றைச் செய்ய நினைக்கிறார். அதற்கான பணத்தை எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது, வந்த பின் அதை எப்படிக் காப்பது?

சொந்தக் காசு

இந்த மண்டபத்தில் இருக்கும் ஆசிரியர்களில் சம்பளம் வந்த வாரத்தில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் சொந்தக் காசில் வாங்காதவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படி வாங்கியவன்தான். அந்த மனத்தை வணங்குகிறேன். ஆனாலும் அனுபவத்தில் கண்டதைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் தன் பையிலிருந்து செய்தது அவர் இடமாறுதலில் போகும்போது அவரோடு போய்விடுகிறது. பள்ளிக்கு உரிமையாக வந்தது பள்ளியில் தங்குகிறது. கேட்கக் கூச்சப்பட்டு நாம் மிச்சப்படுத்துவது நம் கௌரவத்தை மட்டுமே. அதனால் வரும் இழப்பு பிள்ளைகளுக்கு.

இளம் ஆசிரியனாக மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தபோது ஓர் ஆலைக்குக் கடிதம் எழுதினேன். 'எங்கள் பள்ளி மிகவும் பின்தங்கிய பள்ளி, தாராளமாக உதவ வேண்டுகிறேன்' என்று இரண்டு பக்கம். பதில் வரவில்லை. அந்த ஊர்த் தச்சரிடம் மனம் நொந்து சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை பெஞ்சு, எத்தனை அடி, என்ன மரம்னு எதுவும் சொல்லாம யாரு சார் துட்டு குடுப்பாக?" மறுநாளே வகுப்பறையை அளந்தோம். அவரே எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார். அடுத்த கடிதம் அரைப்பக்கம்தான். பெஞ்சின் எண்ணிக்கை, அளவு, மரம், கூலி, மொத்தத் தொகை. பெஞ்சுகள் அந்தக் கோடை முடிவதற்குள் வந்து சேர்ந்தன. நிதி கேட்பது பற்றி நான் கற்ற முதல் பாடத்தைக் கற்றுத் தந்தவர் அந்தத் தச்சர்.

நம் மாவட்டம் கற்றுத் தந்தது

பள்ளிக்கு ஊரே பணம் திரட்டும் வழக்கத்தை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. கோயிலுக்குள் நுழையவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் தடுக்கப்பட்ட ஒரு சமூகம், நம் விருதுநகரில் தன் பேட்டையில் விற்ற ஒவ்வொரு சரக்கின் மீதும் சிறு தொகையை மகமையாக எடுத்து வைத்தது. அந்த மகமையிலிருந்து 1889ஆம் ஆண்டு சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். அந்தப் பிடி அரிசியும் பள்ளிக்கு வந்தது. அங்கே சம்பளமில்லாமல் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜர்.

மகமையின் பலம் தொகையின் பெருமையில் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று அளவு தெரிந்தது, தவறாமல் வந்தது, அந்தச் சமூகத்தின் உறவின்முறைக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது. இந்த மூன்றும் இருந்ததால் சில்லறைக் காசு பள்ளிக்கூடமாக நின்றது.

முதலமைச்சரான பிறகு காமராஜர் அந்தப் பிடி அரிசியை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்று கணக்கிட்டு ஆறு பைசாவை அரசு தந்தது, நான்கு பைசாவை ஊர் தந்தது. 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. அவற்றை முன்னின்று நடத்தியவர் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு. பள்ளிதோறும் என்ன குறை என்று பட்டியல் எழுதினார்கள். கரும்பலகை, பெஞ்சு, மணி, சாப்பாட்டுத் தட்டு, சுற்றுச்சுவர், கூடுதல் அறை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் விலையும் இட்டு ஊர் முன் வைத்தார்கள். காசு உள்ளவர் காசு தந்தார், நிலம் உள்ளவர் நிலம் தந்தார், கை உழைப்பு மட்டுமே உள்ளவர் மண் சுமந்தார். பொத்தாம் பொதுவாக உதவி கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

ராஜபாளையத்தில் பிறந்து சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். பஞ்சாலைகளை நிறுவிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் பெயரில் அதே நகரில் கல்வி நிலையங்கள் நடக்கின்றன. 2024ஆம் ஆண்டு மதுரை அருகே கொடிக்குளத்தில் வங்கி ஊழியரான ஒரு தாய், இறந்துபோன மகளின் நினைவாக ஒன்றரை ஏக்கர் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். கொடுக்கும் மனம் இந்த மண்ணில் வற்றவில்லை. சரியாகக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

இன்று எங்கெல்லாம் கேட்கலாம்

முதலில் நமக்கு உரிமையாக வருவதைத் தெரிந்துகொள்வோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ரூ.10,000, 100 பேர் வரை ரூ.25,000, 250 பேர் வரை ரூ.50,000, ஆயிரம் பேர் வரை ரூ.75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்கு ரூ.5,000 வரையும் விளையாட்டுப் பொருள்களுக்கு ரூ.5,000 வரையும் தனியே உண்டு. இவை உதவிகள் அல்ல, பிள்ளைகளின் உரிமை. வந்ததா, எதற்குச் செலவானது என்று பள்ளி மேலாண்மைக் குழு கேட்க வேண்டும்.

ஆனால் ஒரே ஊற்றை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024-25ஆம் ஆண்டில் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்தி வைத்தது. மேலே நடந்த வழக்காடலில் கீழே காத்திருந்தது வகுப்பறை.

அடுத்தது நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டினால் மீதியை அரசு தரும். ஒன்பது லட்சம் மதிப்புள்ள வகுப்பறைக்கு மூன்று லட்சம் நம் பங்கு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. கட்டடம், கழிப்பறை, குடிநீர் போன்ற நிலையான வேலைகளுக்கு அங்கே போக வேண்டும். பாடநூல் தாண்டிய புத்தகங்களுக்கும் சோதனைக் கருவிக்கும் அங்கே போய் நிற்பது காலவிரயம்.

மூன்றாவது கம்பெனிகள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடியோ விற்றுமுதல் 1,000 கோடியோ நிகர லாபம் 5 கோடியோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சராசரி லாபம் பத்துக் கோடி என்றால் இருபது லட்சம். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. விருதுநகர் 2018 முதல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. வெளியூர் நிறுவனங்களுக்கு எழுதும்போது இதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். இந்த நிதியை நடைமுறைப்படுத்தும் அமைப்பு அதற்கெனப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால் சிறு பள்ளி நேரடியாகப் பெறுவது கடினம். அந்த இடைவெளியை நிரப்ப 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டதுதான் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தாங்கள் விரும்பும் அரசுப் பள்ளியையும் அதன் தேவையையும் தேர்ந்தெடுத்து அதன் வழியே தரலாம்.

நான்காவது, திட்டத்தை எழுதிப் போட்டியிட்டுப் பெறும் நிதி. மாணவர் ஒருவரின் புதிய எண்ணம் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வானால், மாதிரி செய்ய ரூ.10,000 அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். நிதி ஆயோக்கின் அடல் ஆய்வகத் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு அமைக்கப் பத்து லட்சம், நடத்தப் பத்து லட்சம் என 20 லட்சம் வரை கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிகளில் இயங்கும் தேசிய பசுமைப் படைக்குத் தரும் தொகை சிறியது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் ஓரத்தில் இருக்கும் நம் பள்ளிக்கு அந்தச் சிறுதொகையே போதும். கூடு கட்டும் மரங்களையும் உதிரும் விதைகளையும் ஓராண்டு குறித்து வைக்க நான்கு நோட்டும் ஒரு பூதக்கண்ணாடியும்தான் தேவை.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆறு கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். இன்று பிள்ளையால் எது முடியவில்லை? நாம் என்ன செய்யப் போகிறோம்? என்னென்ன பொருள், என்ன விலை? ஊரின் பங்கு என்ன? யார் பொறுப்பு? எந்தத் தேதியில் பலனைக் காட்டுவோம்?

மூன்றாம் வகுப்பில் 28 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் பதினோரு பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். வாசிப்பு மூலை ஒன்று வேண்டும். அறுபது ரூபாய் விலையில் எழுபது கதைப் புத்தகங்களுக்கு ரூ.4,200, இருநூற்றைம்பது ரூபாய் விலையில் நான்கு பாய்களுக்கு ரூ.1,000, கயிற்றுக்கும் கிளிப்புக்கும் ரூ.300. மொத்தம் ரூ.5,500. புத்தகம் வைக்கும் துணிப்பைகளை நெசவாளர் வீட்டுப் பெற்றோர் மிச்சத் துணியில் தைத்துத் தருவார்கள். வகுப்பாசிரியரும் இரண்டு தாய்மார்களும் பொறுப்பு. ஜூலையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் குறிப்போம். இவ்வளவுதான். இதைப் படிப்பவர் ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடுவார்.

'பிள்ளைகள் பரிதாப நிலையில் இருக்கிறார்கள்' என்று எழுத வேண்டாம். நம் பிள்ளைகள் இரக்கத்துக்கு உரியவர்கள் அல்லர். வாசிக்கக் காத்திருக்கும் பதினோரு பேர் என்று எழுதுங்கள்.

பொருளைக் கேட்கும்போது அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் கேளுங்கள். ஒரு முறை எங்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அந்த அறையில் ப்ளக் பாயின்ட் இல்லை, ஸ்டெபிலைசர் இல்லை. உறை பிரிக்காமலேயே ஓராண்டு கிடந்தன. கொடுத்தவர் மேல் குற்றமில்லை. வயரிங்குக்கும் பராமரிப்புக்கும் சேர்த்துக் கேட்காதது என் தவறு. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

ஊர்கள் பள்ளிக்குச் சீர்வரிசை எடுத்து வரும் வழக்கம் சில ஆண்டுகளாகத் தமிழகமெங்கும் பரவியிருக்கிறது. தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும், தலையில் குடமும் நாற்காலியுமாக மேளத்தோடு ஊர்வலம் வருவதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. கல்யாணச் சீருக்குப் பட்டியல் இருப்பது போல் கல்விச் சீருக்கும் பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் ஏழு சுவர்க் கடிகாரங்கள் வரும், ஓர் உலக வரைபடம் வராது.

பணத்தை விடப் பொருள் எளிதில் கிடைக்கும் வட்டாரம் இது. சிவகாசி அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் நல்ல காகிதத் துண்டுகள் ஆயிரம் சொல்லட்டைகள் ஆகும். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நம் முதலுதவிப் பெட்டியை நிரப்பும். ஒரு பால்கோவா கடைக்காரர் வகுப்புக்கு வந்து, பத்து லிட்டர் பாலில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நேரம், எவ்வளவு கோவா என்று சொன்னால் அதுவே விகிதக் கணக்கு. அவர் தரும் ஒரு மணி நேரமும் நன்கொடைதான்.

கணக்கு

இனி, கசப்பான ஆனால் தேவையான பகுதி. 'கேட்டால் ஆயிரம் விதிமுறை சொல்லி முட்டுக்கட்டை போடுகிறார்கள்' என்று ஆசிரியர்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் முட்டுக்கட்டை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேர் ரத வீதியில் திரும்பும் இடத்தைப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடும் சிலரின் கையில் இருக்கிறது. கட்டை இல்லாத தேர் வீட்டுச் சுவரில்தான் போய் நிற்கும்.

பள்ளி நிதிக்கு விதியும் கணக்கும் அந்தக் கட்டை. அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் ஆசிரியர் தனியாக நன்கொடை திரட்டக் கூடாது. இது நம்மைக் கட்டுப்படுத்தும் விதி போலத் தோன்றினாலும் உண்மையில் நம்மைக் காக்கும் விதி. எந்தத் தொகையும் ஆசிரியரின் தனிக்கணக்குக்கோ கைப்பேசி எண்ணுக்கோ வர வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்து, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பை அதன் கையில் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதன் தலைவர் ஒரு தாய். குழுவின் தீர்மானம், மூன்று கொட்டேஷன், ரசீது, இருப்புப் பதிவேடு, பயன்பாட்டுச் சான்று ஆகிய ஐந்தும் இருந்தால் யார் வந்து கேட்டாலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

உலகில் நன்றாக நடந்த முயற்சிகளும் இந்தப் பாதையில்தான் போயின. 2000ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் சார்லஸ் பெஸ்ட் என்ற பள்ளி ஆசிரியர் 'டோனர்ஸ்சூஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர் தன் வகுப்புக்கு வேண்டியதை எழுதுகிறார், முகம் தெரியாதவர்கள் சிறுதொகை தருகிறார்கள். அந்த அமைப்பு பணத்தை ஆசிரியர் கையில் கொடுப்பதில்லை. பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்புகிறது. அதற்கும் முன்பு, 1912 முதல் 1932 வரை, அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஜூலியஸ் ரோசன்வால்டின் உதவியால் ஏறக்குறைய ஐயாயிரம் பள்ளிகள் எழுந்தன. அந்தந்த ஊர் மக்களும் உள்ளூர் நிர்வாகமும் தங்கள் பங்கைத் தந்தால்தான் அவர் தம் பங்கைத் தந்தார். பருத்தி வயலில் கூலி வேலை செய்தவர்கள் காசு சேர்த்தார்கள், மரம் வெட்டிக் கொடுத்தார்கள். விருதுநகரின் பிடி அரிசியும் அலபாமாவின் பருத்திக் காசும் ஒரே வேலையைச் செய்தன. எங்கள் பள்ளி என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தவருக்குத் தந்தன.

நன்றி சொல்வதும் கணக்கில் சேரும். விழா நடத்தி மாலை போட வேண்டாம். ஜனவரியில் அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். எட்டுப் பேர்தான் என்றால் எட்டு என்றே எழுதுங்கள். உண்மையைச் சொன்ன பள்ளிக்கு அடுத்த ஆண்டும் கொடுப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை

கூரை, கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் ஆகியவை அரசின் கடமை. நன்கொடையாளர் வந்துவிட்டார் என்று அந்தக் கடமையிலிருந்து அரசு விலக நாம் இடம் தரக் கூடாது. நன்கொடையாளர் அதிகம் உள்ள நகரத்துப் பள்ளி செழித்து, செண்பகத்தோப்புப் பக்கத்துச் சிறு பள்ளி வாடவும் கூடாது. ராஜபாளையத்தில் பெரிய பள்ளிக்குக் கொடுக்க முன்வரும் ஒருவரிடம், பக்கத்துக் கிராமப் பள்ளியின் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கும் தலைமையாசிரியரே நான் மதிக்கும் தலைமையாசிரியர்.

நிறைவாக உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வகுப்பில் இந்த ஆண்டு ஒரு பிள்ளைக்கு எது முடியவில்லையோ அதை முதல் வரியில் எழுதுங்கள். கீழே பொருளும் விலையும் ஊரின் பங்கும் எழுதி, அந்தத் தாய்மார்களோடு சேர்ந்து கையெழுத்திடுங்கள். வடம் பிடிக்க இந்த வட்டாரத்தில் ஆயிரம் கைகள் இருக்கின்றன. கட்டை போட நீங்கள் குனிய வேண்டும்.